கப்பல் டிவியில் ஓடும் கடல்

இன்று திருச்சானூரிலிருந்து திருப்பதிக்கு ஷேர் ஆட்டோவில் வந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா, சொகுசுக் கப்பலில் சமையல் வேலை பார்க்கும் மகனோடு வீடியோ காலில் இருந்தார். ஸ்பீக்கரில்தான்.

"எப்பப் பாத்தாலும் செவுத்தயே காட்டிக்கினு இருக்க. நெஜமாவே கப்பல்லதான் இருக்கியா? கடலக் காட்டுடா."

"ரூம்ல ஜன்னல் இல்லம்மா. இரு."

மகன் போனை அறை டிவி பக்கம் திருப்பினான். கப்பல் முகப்புக் கேமராவில் தெரியும் கடல், அதில் ஒரு சேனலாகவே நாள் முழுக்க ஓடுமாம்.

"கடல் நடுவுல இருந்துக்கினு கடல டிவிலயாடா பாக்கற?" அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கூட இருந்த எங்களுக்கும்தான்.

"நீ மட்டும்? மலைக்குக் கீழயே இருந்துக்கினு சாமிய டிவிலதான பாக்கற?"

அதன்பிறகு ஆட்டோவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் மலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. டிவியில் இன்று காலைகூடப் பார்த்தேன்.

உள்ளூர்க்காரர்களே, நீங்கள்?