பாட்டிலைவிட்டு வராத பிளம்ஸ் சாஸ்

வேலைக்கு மனுப் போட்டபோது நான் ஒரு பொய் எழுதினேன். விண்ணப்பத் தாளில் ‘விசேஷத் தேர்ச்சி’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட மனம் வராமல், ‘கீழை நாட்டுச் சாஸ் வகைகள்’ என்று ஆங்கிலத்தில் அழகான கையெழுத்தில் நிரப்பினேன். அந்தத் துறையில் என் தேர்ச்சி இவ்வளவுதான்: பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு சீன ஹோட்டலில் ஒரே ஒரு முறை நூடுல்ஸ் சாப்பிட்டிருந்தேன். அப்போது பக்கத்தில் கிண்ணத்தில் வைத்த சிவப்புச் சாஸை ரசம் என்று நினைத்து ஒரே மடக்கில் குடித்தும் இருந்தேன்.

ஜாம், ஸ்குவாஷ் என்று பழப் பதனத் தொழிலுக்கு இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். சிரிப்பதானால் ஓரமாகச் சிரிக்கவும்.

1. பூண்டுக்குத் தடை

எங்கள் கம்பெனி அடுகோடியில், ஒரு மரப்பட்டறைக்கும் ஒரு லாரி ஷெட்டுக்கும் நடுவில் இருந்தது. நான் கெமிஸ்ட். கெமிஸ்ட் என்றால் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஜாமை ருசி பார்ப்பவன். ஆறு மாதம் புரொபேஷன். அதில் ஐந்து மாதம் முடிந்திருந்தது. ஆனால் பெண் பார்க்கப் போன அன்றே மாமனாரிடம் ‘பர்மனென்ட் வேலை’ என்று சொல்லியாகிவிட்டது. இது இரண்டாவது பொய்.

அந்தச் சமயத்தில்தான் மிஸ்டர் வோங் வந்தார். நான் ‘ரசம்’ குடித்த அதே ஹோட்டலின் முதலாளி. கல்கத்தாவில் பிறந்து, பெங்களூரில் பாதி ஆயுளைக் கழித்தவர். கண்டோன்மெண்ட் தமிழ் என்னைவிட அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“ஹாங்காங்லேர்ந்து டின் வர்றது நின்னுபோச்சு சார்,” என்றார், கன்னடம் கலந்து பேசும் எங்கள் முதலாளி கிருஷ்ணப்பாவிடம். “இம்போர்ட் லைசென்ஸ் கேட்டா நாளைக்கு வா, நாளான்னிக்கு வான்னு சொல்றான். பிளம்ஸ் சாஸ் இல்லாம ஹோட்டல் எப்படி நடத்தறது? நீங்க செஞ்சு குடுத்தா மாசாமாசம் வாங்கிக்கறேன்.”

கிருஷ்ணப்பா என் மனுவை ஃபைலிலிருந்து உருவினார். விசேஷத் தேர்ச்சிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“ஏன்ரீ, நீங்க இதுல எக்ஸ்பர்ட் அல்லவா?”

“ஓரளவுக்கு சார்.”

“ஓரளவு பேடா, ஓரளவெல்லாம் வேண்டாம். புதன்கிழமை பதினொரு மணிக்குச் சாம்பிள் ரெடி இருக்கணும். ஆயித்துன்னா உங்களுக்கு கன்ஃபர்மேஷன் லெட்டர். ஆகலைன்னா...” மீதியைச் சொல்லாமல் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். “இன்னொண்ணு. பூண்டு ஃபேக்டரிக்குள்ள வரக்கூடாது. என் ஆரஞ்சு மார்மலேட்ல பூண்டு வாசனை வந்தா நான் தூக்கு மாட்டிக்கணும். வீட்ல செய்யுங்க.”

2. ஆஸ்டின் டவுன் ஆராய்ச்சிசாலை

எங்கள் வீடு ஆஸ்டின் டவுனில் ஒன்றரை அறை. அரை அறைதான் சமையல்கட்டு. மார்க்கெட்டில் நீலகிரியிலிருந்து வந்த பிளம்ஸ் பழம் பதினாறு ராத்தல் வாங்கினேன். சர்க்கரை, வினிகர், இஞ்சி, பூண்டு, நிறத்துக்குப் பேடகி மிளகாய், காரத்துக்குக் குண்டூர் மிளகாய், வாசனைக்குப் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூ, எல்லாம் தராசில் நிறுத்து வரிசையாக வைத்தேன். நூல்நிலையத்திலிருந்து மூன்று புத்தகங்களும் கொண்டுவந்தேன். மூன்றும் ஒன்றையொன்று மறுத்தன.

என் மனைவி சரோஜா எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தாள்.

“புளிப்பு, இனிப்பு, காரம். மாங்கா பச்சடிதானே?”

“இது சாஸ்.”

“மாங்காய்க்குப் பதிலா பிளம்ஸ் போட்ட பச்சடி. இதுக்கு மூணு புஸ்தகமா?”

வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டேன். வீட்டில் அதை மாட்டியது அதுவே முதல் தடவை. பால்காரர் வாசலில் நின்று யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பழத்தை வேகவைத்து, கொட்டை நீக்கி, சல்லடையில் தேய்த்து, மற்றதெல்லாம் சேர்த்துக் கிளறினேன். மிளகாய் நெடியில் நானும் சரோஜாவும் மாறி மாறித் தும்மினோம். முக்கால் மணி நேரத்தில் கரண்டியிலிருந்து மெதுவாக, பளபளவென்று வழிந்தது. வாசனை தெருமுனை வரை போயிருக்க வேண்டும்.

“போதுங்க, எறக்குங்க,” என்றாள் சரோஜா.

இங்கேதான் நான் தொழில்காரன் புத்தியைக் காட்டினேன். ஐந்து மாதமாக ஜாமையே பார்த்தவன். ஜாமை எப்போது இறக்குவது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். விழுந்தால் ‘செட்’ ஆகிவிட்டது என்று பொருள். நானும் ஒரு சொட்டு விட்டேன். சுருக்கம் விழவில்லை.

“இன்னும் செட் ஆகலை.”

“சாஸ் எதுக்குங்க செட் ஆகணும்?”

உலகத்தின் மிக நியாயமான கேள்வி அது. பழத்தை இறுகவைக்கும் பெக்டின் என்ற பசை, அமிலம், சர்க்கரை ஆகிய மூன்றின் உறவைப் பற்றி அவளுக்குக் கால் மணி நேரம் விளக்கினேன். அந்தக் கால் மணி நேரமும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கடைசிச் சொட்டில் அருமையான சுருக்கம் விழுந்தது. திருப்தியோடு இறக்கி, சுடச்சுடப் பன்னிரண்டு ஸ்குவாஷ் பாட்டில்களில் ஊற்றினேன். ஸ்குவாஷ் பாட்டிலின் கழுத்து எவ்வளவு குறுகல் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

3. புதன்கிழமை

காலையில் ஒரு பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒன்றும் வரவில்லை. குலுக்கினேன். வரவில்லை. பன்னிரண்டும் அப்படியே.

“சுடுதண்ணில வெச்சா உருகாதா?” என்றாள் சரோஜா.

“நல்ல ஜாம் அவ்வளவு சுலபத்தில் உருகாது,” என்றேன். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் சைக்கிளிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றி, தண்ணீரில் கொதிக்கவைத்து, ஒரு பாட்டிலுக்குள் விட்டுக் குத்திக் கலக்கினேன். உள்ளே கட்டி கட்டியாக உடைந்ததே தவிர, வெளியே வருவதாகக் காணோம். மணி பத்து. பாட்டில்களைக் கூடையில் அடுக்கினேன். சைக்கிளில் ஒரு கம்பி குறைவு; அடுகோடி போய்ச் சேரும்வரை சக்கரம் கோணிக்கொண்டு ஓடியது. நானும் அப்படித்தான்.

வோங் தயாராக இருந்தார். டிபன் கேரியரில் சூடான ரோல்கள் கொண்டுவந்திருந்தார். கிருஷ்ணப்பா அன்றைக்கென்று சலவைப் பஞ்சகச்சம் கட்டியிருந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “கலர் நோடிரி, பாருங்க, ரூபி கல்லு!” என்று வியந்தார். பிறகு மூடியைத் திறந்து ஒரு ரோலின் மேல் கவிழ்த்தார்.

ஒரு சொட்டும் விழவில்லை.

பாட்டிலின் பின்புறத்தில் ஒரு தட்டு தட்டினார். பிறந்து இன்னும் அழாத குழந்தையை மருத்துவச்சி தட்டுவது போல இன்னும் நான்கு தட்டு. குழந்தை அழவில்லை.

“இப்படிக் குடுங்க சார்,” என்று வோங் அதை வாங்கி, முதலாளியின் வெள்ளைப் பஞ்சகச்சத்துக்கு நேர் மேலே கவிழ்த்துப் பிடித்தார். கிருஷ்ணப்பா நாற்காலியோடு பின்னால் துள்ளினார்.

“பயப்படாதீங்க. இது வராது. லைசென்ஸ் ஆபீஸ் ஃபைல் மாதிரி இருக்கு, இன்னா பண்ணாலும் நகராது.”

கிருஷ்ணப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் மாமனாரின் முகம் தெரிந்தது. நான் கோட்டுப் பையிலிருந்து சைக்கிள் கம்பியை எடுத்தேன்.

“இது என்னரீ?”

“எடுக்கறதுக்கு சார்.”

“ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு கம்பி ஃப்ரீயா குடுப்பீங்களா?” என்று வோங் கேட்டார். கேலியா விசாரணையா என்று தெரியவில்லை. கம்பியால் ஒரு கட்டியைத் தோண்டி வாயில் போட்டார். மென்றார். நெடுநேரம் மென்றார். கண்ணில் நீர் வந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு இன்னொரு கட்டி தோண்டினார்.

“டேஸ்ட் ஃபர்ஸ்ட் கிளாஸ். இப்படிக் கெட்டியா இருந்தா எங்க சமையக்கட்டுல வேலை இருக்கு. ஆனா பாட்டில் வேணாம். வாயகலமா டின்ல குடுங்க. முதல்ல இருபது டின்.”

கிருஷ்ணப்பாவின் நாற்காலி முன்னால் வந்தது. “அதுக்குத்தான் ஸ்பெஷலா கெட்டியா செய்யச் சொன்னேன்!”

“அப்புறம் ஏன் சார் பாட்டில்ல போட்டீங்க?”

கிருஷ்ணப்பா மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார்.

சனிக்கிழமை கடிதம் வந்தது. நான் பர்மனென்ட்; மார்மலேடுக்கு எட்டாத பின்கொட்டகையில் பூண்டும் பர்மனென்ட். மாமனாரிடம் சொன்ன பொய் ஒருவழியாக உண்மையானது. மீதிப் பதினொரு பாட்டில்களையும் சரோஜா வாசலில் பழைய பேப்பர்காரரிடம் கொடுக்கப் பார்த்தாள். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தந்தால் வாங்கிக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார்.

இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். எதைச் செய்யப்போகிறோம், அது ஓடவேண்டுமா நிற்கவேண்டுமா என்பதை அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவர் ‘இறக்கு’ என்றால் முதலில் இறக்கிவிட்டுப் பிறகு பெக்டினைப் பற்றிப் பேசுங்கள்.

அடுத்த மாதச் சம்பளத்தில் சரோஜாவை அந்த ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். நூடுல்ஸோடு ஒரு கிண்ணத்தில் சிவப்புச் சாஸ் வந்தது. சரோஜா தொட்டு நாக்கில் வைத்து, “நல்லா இருக்குங்க!” என்றாள். நான் நாற்காலியில் சற்றே நிமிர்ந்து, பரிமாறியவரிடம் அது யார் செய்தது தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும் சார். முதலாளியம்மா வீட்ல செஞ்சு அனுப்பறாங்க,” என்றார் அவர். “அடுகோடிலேர்ந்து டின்ல ஒரு சரக்கு வருது, அத நாங்க சாப்பிடறதுக்கு வைக்கறதில்ல. வறுத்த வாத்துக்கு மேல பாலிஷ் போடறோம்.”