பாரோனின் பெட்டியைத் திறந்தவர்

ஜெர்மேன் லோட்டன்ஸ் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான். ஞாயிறு காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை, பள்ளிக்கூடத் தெருவில், ஒரு சின்ன மரப்பெட்டிக்கு முன்னால். அப்போதும் அவருடைய வலது முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸில் எங்கள் பக்கத்து ஊர்களில் ஃபிஞ்ச் குருவி வளர்ப்பவர்களுக்கு அது தேர்த் திருவிழா மாதிரி. குருவி உள்ளே இருக்கும் மூடிய பெட்டிகளைத் தெருவோரம் வரிசையாக வைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் எந்தக் குருவி அதிக முறை பாடுகிறதோ அது ஜெயித்தது. பாட்டு ‘சுஸ்-கி-வீட்’ என்று முடிய வேண்டும். கடைசி ‘வீட்’ இல்லாவிட்டால் கணக்கில் இல்லை. நீளக் கம்பில் சாக்பீஸால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கோடு. தன் குருவிக்குத் தானே கோடு போட முடியாது, அடுத்தவர் குருவிக்குத்தான் போட வேண்டும். கொடி இறங்கும்வரை எந்தப் பெட்டியையும் தொடக் கூடாது.

பட்டாணியை உறைய வைக்கும் ஆலையில் ஒன்பது வருடமாக நான் அவருக்கு எதிரே நிற்கிறேன். ஓடுகிற பட்டையில் பச்சைப் பட்டாணி வந்துகொண்டே இருக்கும். அதில் கல், குச்சி, மணத்தக்காளிக் காய் இருந்தால் பொறுக்கி எறிய வேண்டும். நம் வீட்டில் வற்றல் குழம்பாகிற காயை அங்கே விஷம் என்பார்கள். ஜெர்மேன் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. தப்பியதாக நினைத்து வீட்டுக்குப் போய்க் கவலைப்படவும் செய்வார். அந்த விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும்.

அவருடைய முதல் குருவி ஒரு வெள்ளிக்கிழமை இறகைச் சிலுப்பிக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருந்தது. குளிர் என்று நினைத்து விட்டுவிட்டார். திங்கட்கிழமை கூண்டின் தரையில் கிடந்தது. “குருவி சாகுற நிமிஷம் வரைக்கும் நல்லா இருக்கிற மாதிரியே நடிக்கும். இல்லன்னா மத்தது கொத்திப்புடும்னு பயம். நாம பாக்குறப்போ பாதி முடிஞ்சிருக்கும்” என்பார்.

அதிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா அவர் கூடவே வரும். நகம் ஒடிந்து ரத்தம் வந்தால் அமுக்குவதற்குச் சோள மாவு. பஞ்சு, இடுக்கி, வெந்நீர்ப் பை. தனியாக, ஓட்டை போட்ட செருப்பு அட்டைப்பெட்டி ஒன்று. ஒருமுறை பக்கத்து வீட்டுப் பூனை ஒரு குருவியைக் கீறியது. மயிரளவு கீறல்தான். எல்லோரும் விடச் சொன்னார்கள். பூனை எச்சில் பட்டால் ரெண்டே நாள் என்று அந்த நிமிஷமே மருத்துவரிடம் ஓடினார். குருவி பிழைத்தது. அதைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை. போன வருடம் போட்டி நடுவில் தன் குருவி மூச்சுத் திணறுகிறது என்று பெட்டியைத் திறந்தார். அலகில் ஒரு விதை உமி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அதைப் பற்றி மட்டும் ஊரே பேசியது. ‘ஆம்புலன்ஸ்’ என்று பெயரும் வைத்தது.

அவர் மனைவி மார்லீனும் விடவில்லை. “எனக்கு முட்டி வீங்கினப்போ ‘தைலம் தேச்சுக்கோ’ன்னு போன ஆளு. குருவி தும்மினா மட்டும் வண்டிய எடுக்குறாரு.”

“உனக்கு வாய் இருக்கு மார்லீன். அதுக்கு இல்லையே.”

“பாடுதே!”

ஜூலை கடைசி ஞாயிறு அரசர் போட்டி. அதுவரை சீசனில் சேர்த்த எண்ணிக்கையில் அதிகமுள்ள குருவிக்கு அரசர் பட்டம். முதலிடத்தில் ஓடீல் ஸ்த்ராகியரின் ‘பாரோன்’. ஓடீலுக்கு எழுபத்து நாலு வயது, பீட்ரூட் விவசாயி, முப்பது வருடமாகப் பட்டத்துக்கு நெருங்கி நெருங்கித் தவற விட்டவர். இரண்டாவது இடம் ஜெர்மேனின் குருவிக்கு. குலுக்கலில் பாரோனுக்குக் கோடு போடும் வேலை ஜெர்மேனுக்கே விழுந்தது.

ஓடீல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடி மாதிரிப் பளபளத்தது.

“என்ன ஓடீல், கல்யாணப் பெட்டியா?”

“ராஜாவுக்கு அரண்மனை வேணாமா? நல்லா எண்ணு ஆம்புலன்ஸ். கை நடுங்கி ரெண்டு கோடு விட்டுடாதே.”

கொடி ஏறியது. நான் ஜெர்மேனுக்குப் பின்னால் முக்காலியில் இருந்தேன். பாரோன் பிரமாதமாக ஆரம்பித்தது. அரை மணிக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு கோடு. ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடக் கூரையைத் தாண்டி வெயில் இறங்கி நேராக அந்தப் பெட்டிமேல் விழுந்தது.

ஜெர்மேனின் முழங்கால் நின்றுவிட்டது. ஒன்பது வருடத்தில் அது நின்று நான் பார்த்ததில்லை.

“கேட்டியா?” என்றார் முணுமுணுப்பாக.

“என்ன?”

“வீட் வரல. மூணாவது தடவை. நடுவுல ‘டிக் டிக்’னு ஒரு சத்தம்.” மூக்கை நீட்டினார். “வார்னிஷ் வாசன அடிக்குதா?”

அடித்தது. வெயில் ஏற ஏற அதிகமாக அடித்தது.

கொடி பிடித்திருந்த சங்கத் தலைவர் ஃபெர்னானை ஜெர்மேன் கையசைத்துக் கூப்பிட்டார். ஃபெர்னான் குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தார். “களைச்சிருக்கும். இன்னும் இருபது நிமிஷம்.”

“இருபது நிமிஷம் தாங்காது.”

“ஜெர்மேன், இது உன் குருவி இல்ல. இது நின்னா யாரு அரசர்னு உனக்கே தெரியும். ஊருக்கும் தெரியும். போன வருஷ உமிய யாரும் மறக்கல. பேசாம உக்காரு.”

ஃபெர்னான் போய்விட்டார். ஜெர்மேன் சாக்பீஸைப் பிடித்தபடி பெட்டியையே பார்த்தார். உள்ளே இன்னொரு பாட்டு தொடங்கி, பாதியில் ஒடிந்தது. டிக். டிக்.

“களைப்பா இருந்தா?” என்றார் என்னிடம்.

எனக்கு என்ன தெரியும்? “இருந்தாலும் இருக்கலாம்” என்றேன்.

“களைச்ச குருவி சும்மா இருக்கும். இது பாட முயற்சி பண்ணுது, முடியல.” கம்பைத் தரையில் வைத்தார். எழுந்து போய்ப் பாரோனின் பெட்டியைத் திறந்தார்.

தெரு முழுக்கத் தலைகள் திரும்பின. நாலு பெட்டி தள்ளி உட்கார்ந்திருந்த ஓடீல் சாக்பீஸ் கம்போடு ஓடிவந்தார். “டேய், திருட்டுப் பயலே! முப்பது வருஷம்டா! தொட்டுட்டியேடா!” ஓங்கிய கம்பு அப்படியே நின்றது. பாரோன் பெட்டியின் தரையில் இருந்தது. அலகு திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் பம்ப் அடிப்பதுபோல் ஏறி இறங்கியது.

ஜெர்மேன் அதை அட்டைப்பெட்டிக்கு மாற்றிச் சுவர் நிழலுக்குக் கொண்டுபோனார். ஓடீல் சட்டைப்பையிலிருந்து சாராயப் புட்டியை எடுத்து மூடியைத் திருகினார். “ஒரு சொட்டு. எங்கப்பா அலகுல ஒரு சொட்டுதான் விடுவாரு. எந்திரிச்சிடும்.”

“வேணாம்!”

“தண்ணியாவது குடு!”

“தண்ணியும் வேணாம். மூச்சு வாங்குறப்போ வாயில எத ஊத்தினாலும் நெஞ்சுக்குள்ளதான் போகும். கையிலயும் பிடிக்காதீங்க. காத்து, இருட்டு, சத்தம் இல்லாம. அவ்வளவுதான் இப்போ.”

“சும்மா பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?”

“சும்மா நிக்க வேணாம். மருத்துவருக்குப் போன் போடுங்க.”

ஜெர்மேன் வண்டியை ஓட்டினார். அட்டைப்பெட்டி என் மடியில். ஓடீல் பின்னால், பாதி ஜெபமும் பாதி வசவுமாக. அடுத்த ஊரில் விடுமுறைப் பணியில் இருந்த மருத்துவர் அம்மா குருவியைப் பிராணவாயுக் கூண்டில் வைத்தார். “பெட்டிக்கு வார்னிஷ் எப்போ அடிச்சீங்க?” என்றார்.

ஓடீல் தரையைப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை ஒரு பூச்சு. பளபளப்பு பத்தல. நேத்து இன்னொண்ணு.”

இரண்டு மணி நேரம் கழித்து வால் ஆட்டம் நின்றது. குருவி குச்சியில் ஏறி உட்கார்ந்தது.

விதி விதிதான். பாரோன் போட்டியிலிருந்து நீக்கம். அடுத்தவர் பெட்டியைத் தொட்டதற்காக ஜெர்மேனின் குருவியும் நீக்கம். மூன்று ஞாயிறு அவருக்குப் போட்டி வரிசையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியேதான் இடம். பட்டம் ரொட்டிக்கடை லுட்கார்டின் குருவிக்குப் போனது. அவளே கூச்சப்பட்டாள்.

வாரம் முழுக்க ஜெர்மேன் பட்டாணியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். “ஒருவேளை நிழலுக்கு நகத்தியிருந்தாலே போதுமோ? திறக்காம?” மறுநாள்: “அந்தாளு எனக்கு ஒரு போன்கூடப் பண்ணல. குருவிக்கு ஏதாவது ஆயிடுச்சோ?” என் பக்கத்திலிருந்தும் இரண்டு கற்கள் நழுவிப் போயின.

அடுத்த ஞாயிறு கயிற்றுக்கு வெளியே கைகளைப் பையில் திணித்துக்கொண்டு நின்றார். முழங்கால் ஆடியது. ஓடீல் வந்தார். கையில் அதே பெட்டி. வார்னிஷ் முழுக்கச் சுரண்டப்பட்டு மரம் வெறுமையாகத் தெரிந்தது. உள்ளே பாரோன் தத்தும் சத்தம் கேட்டது. ஓடீல் கயிற்றுக்கு மேலே பெட்டியை ஜெர்மேனின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“மோந்து பாரு.”

“பாடுதா?”

“பாடல. இந்த வருஷம் பாடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இருந்தாலும் வரிசையில வைப்பேன். மோந்து பாருடா.”

ஜெர்மேன் குனிந்து முகர்ந்தார். மூலையை முகர்ந்தார், கதவை முகர்ந்தார். அதற்குள் ஓடீலுக்குப் பின்னால் லுட்கார்ட் தன் பெட்டியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஃபெர்னான்.

“எனக்கும் பாத்துடு ஆம்புலன்ஸ்” என்றாள் லுட்கார்ட்.

“என்ன சொல்ற?” என்று அவசரப்படுத்தினார் ஓடீல்.

ஜெர்மேன் நிமிரவில்லை. “வார்னிஷ் இல்ல. ஆனா வெங்காய வாசன அடிக்குது.”

“அது நான்” என்றார் ஓடீல். “அடுத்த பெட்டியப் பாரு. எட்டரைக்குக் கொடி ஏறிடும்.”