இடம் போட்ட தூக்குச்சட்டிகள்

சுப்புத்தாயைப் பற்றி யாராவது கேட்டால் ஜோதிலட்சுமி டீச்சர் சட்டென்று பதில் சொல்லமாட்டார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். “அவளா...” என்று இழுப்பார். அந்த இழுவையில் கொஞ்சம் கோபம் இருக்கும், நிறைய வியப்பு இருக்கும். இருக்காதா பின்னே! தன் பள்ளிக்கூடத்துக்கே உலை வைக்க வந்தவள் என்று அவர் நினைத்திருந்த பெண்ணாயிற்றே அவள்.

மேட்டுக்களம், கோம்பைக்கு மேற்கே மலை எழும்புகிற இடத்தில் இருக்கும் சின்ன ஊர். அங்கே விடியுமுன்பே ஜீப் சத்தம் கேட்கும். கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு, கோம்பை, கம்பம் வழியாக மலையேறுகிற ஜீப்புகள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டால் டிரைவர் சிரிப்பார். இன்னும் ஒருத்தி ஏறலாம், அதுதான் எப்போதும் கணக்கு.

அந்த நெரிசலில் அடிதடி வராமல் காப்பது ஒரே ஒரு வழக்கம். சோற்றுத் தூக்குச்சட்டியை யார் எந்த சீட்டில் வைத்தாளோ அந்த இடம் அவளுடையது. இருட்டோடு வந்து தூக்கை வைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பித் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு நிதானமாக வரலாம். அடுத்தவள் தூக்கை நகர்த்த ஊரில் எவளுக்கும் துணிச்சல் கிடையாது. நகர்த்தினால் மலை உச்சி வரைக்கும் பேச்சு வாங்கியே சாகவேண்டும். ஆனால் ஒன்று, உள்ளே சோறு இருக்க வேண்டும். காலித் தூக்கு செல்லாது. எவளாவது காலியை வைத்து ஏமாற்றினால் அதைத் தூக்கி ரோட்டில் வைத்துவிடுவார்கள்.

சுப்புத்தாய் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். பிறந்தது ஆண்டிபட்டிப் பக்கம், வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஒரு வருஷம் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அவளைக் கேட்டு யாரும் நிறுத்தவில்லை, கேட்டு யாரும் சேர்க்கவும் இல்லை. புருஷன் சுருளியாண்டி கம்பம் சந்தையில் வாழைத்தார் இறக்குகிறவர். கோழி கூப்பிடுவதற்குள் கிளம்பிவிடுவார். சுப்புத்தாய்க்கு ஐந்தரை ஜீப். ஏழு வயது மகள் கயல் மட்டும், ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் தனியாக வீட்டில் கிடப்பாள்.

ஜோதிலட்சுமி டீச்சர்தான் மேட்டுக்களம் அரசுப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. உத்தமபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார். நல்ல டீச்சர். பிள்ளைகளுக்குப் பேன் எடுத்துவிடுவார், வாய்ப்பாடும் சொல்லித் தருவார். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலையில் அவர் குடையோடு வந்து சேர்ந்தபோது, பள்ளிக்கூடக் கதவில் சாய்ந்து ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. சீருடை தொப்பலாக நனைந்திருந்தது.

“கயலு! ஏன்டா கண்ணு, எப்ப வந்த?”

“அம்மா ஜீப்புல போகவும் வந்துட்டேன் டீச்சர். வீட்ல இடி இடிச்சுச்சு, பயமா இருந்துச்சு.”

டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று மணி நேரத்துக்கு மேலாக அந்தப் பிள்ளை பூட்டின கதவை நம்பி உட்கார்ந்திருக்கிறது. சாவியோ தன் கைப்பைக்குள், உத்தமபாளையத்தில் இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் சுப்புத்தாய் வந்தாள். அழுவாள், இல்லை சண்டை பிடிப்பாள் என்று டீச்சர் தயாராக இருந்தார். அவள் இரண்டையும் செய்யவில்லை.

“டீச்சர், நீங்க ஆறு மணிக்குக் கதவத் தெறக்க முடியுமா?”

“பள்ளிக்கூடம் ஒம்பது மணிக்குத்தானம்மா. நேரத்த மாத்த எனக்கு அதிகாரம் கெடையாது.”

“கேட்டுப் பாத்தீகளா?”

இருபது வருஷ சர்வீசில் கேட்கலாம் என்றே டீச்சருக்குத் தோன்றியதில்லை.

“சரி டீச்சர். அப்ப கயல கோம்பையில சேக்கப் போறேன், ஜீப்பு போற வழிதான். கோவிச்சுக்கிறாதீக.”

கோம்பைப் பள்ளிக்கூடம் என்று அவள் சொன்னது ஊர்க் கமிட்டி நடத்துகிற பள்ளி. சம்பளம் அரசாங்கத்துடையது, பிள்ளைகளிடம் ஒரு பைசா வாங்குவதில்லை, நிர்வாகம் மட்டும் கமிட்டியின் கையில். தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் கஷ்டம் பார்த்து, காலை ஆறு மணிக்கே கேட்டைத் திறக்க அந்தக் கமிட்டி முடிவு செய்திருந்தது. பிள்ளைகள் வந்து படுத்துத் தூங்கலாம், படிக்கலாம், விளையாடலாம், ஓர் ஆயா இருப்பார். அங்கே தலைமையாசிரியை கஸ்தூரியம்மாள். சுப்புத்தாய் போய் நின்றதும் அவர் கையை விரித்தார். ஒரு பிள்ளைக்குக்கூட இடமில்லை. இன்னொரு பிரிவு தொடங்க மேலே அனுமதி கேட்கலாம், ஆனால் ஒருத்திக்காக யார் அனுமதி தருவார்கள் என்றார்.

ஒருத்தியாக இருப்பதுதானே குறை? மறுநாளிலிருந்து சுப்புத்தாய் ஜீப்பிலேயே வேலையைத் தொடங்கிவிட்டாள். போகும்போது ஒரு பேச்சு, வரும்போது ஒரு பேச்சு. ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் படியேறினாள். “பிள்ள எங்க படிக்கணும்னு நம்மதானத்தா சொல்லணும்? வீடு எங்க இருக்குன்னு பாத்து ஆபீசுல முடிவு பண்ணுவாகளா?” என்று கேட்டாள். வேறு வேலை இல்லையா என்று விரட்டினவர்கள் உண்டு. மறுவாரமும் அதே வாசலில் போய் நின்றாள். இருபது, முப்பது வீடுகள் அவள் பக்கம் சாய்ந்தன.

சேதி ஜோதிலட்சுமி டீச்சர் காதுக்கு வராமல் இருக்குமா? தூக்கம் போய்விட்டது அவருக்கு. ஒரு நாள் மாலை, ஜீப்புகள் வந்து நிற்கிற ஆலமரத்தடிக்கே போய்விட்டார். பெண்கள் மண் அப்பின காலோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க பூராம் கோம்பைக்குப் போயிட்டா இந்தப் பள்ளிக்கூடத்த இழுத்து மூடிருவாக. அப்புறம் எங்கயும் போக முடியாத பிள்ளைக என்ன செய்யும்? அத யோசிச்சீங்களா?” என்று கேட்டார்.

கூட்டம் தலையைக் குனிந்தது. சுப்புத்தாய் மட்டும் ஜீப் பக்கம் கையைக் காட்டினாள். டிரைவர் மாரிசெல்வம் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“போன வருசம் இந்த அண்ணன் வளைவுல எல்லாம் ரேஸ் விட்டாக. உசுரக் கையில பிடிச்சிட்டுப் போனோம்.”

“ஏத்தா, பழச ஏன் கிளறுற?” என்றார் மாரிசெல்வம்.

“இருங்கண்ணே. நாங்க சண்டையா போட்டோம் டீச்சர்? மறுநா தூக்க அடுத்த ஜீப்புல வச்சோம். அம்புட்டுத்தான். ஒரே வாரம், ‘மெதுவாவே போறேன், வாங்கத்தா’ன்னு வந்து நின்னாக. இன்னைக்கு இவுக வண்டி மாதிரி பதறாம மலையேறுற வண்டி உண்டா? ஒரு நா ஒக்காந்து போற சீட்டுக்கு எங்களுக்கு இஷ்டம் இருக்கு. பிள்ள படிக்கிற எடத்துக்கு இருக்கக் கூடாதா?”

“பள்ளிக்கூடம் ஜீப் இல்லம்மா.”

“இல்லதான் டீச்சர். அதவிடப் பெருசு. அதுனாலதான் கேக்குறோம்.”

பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் டீச்சருக்குப் பத்துப் பதில் வந்தது. ஒன்றும் உருப்படியாக இல்லை.

கடைசியில் கஸ்தூரியம்மாள் அனுமதி கேட்டு எழுதிய மனுவுக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி கோம்பைப் பள்ளிக்கு வருவார். கேட்கிற பெற்றோர் நேரில் இருக்க வேண்டும், ஆட்களைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அனுமதி. மேட்டுக்களம் தலைமையாசிரியையும் வந்து தன் ஆட்சேபனையைச் சொல்லலாம்.

உண்மையைச் சொன்னால், டீச்சருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. காய் எடுப்பு உச்சத்தில் இருக்கிற நேரம். ஒரு நாள் ஜீப் போகவில்லை என்றால் தோட்டத்துக்காரர் வேறு ஊர் ஜீப்பைக் கூப்பிட்டுக்கொள்வார், சீசன் முழுக்க வேலை போய்விடும். இந்தப் பெண்களாவது வருவதாவது!

“புதன்கிழமை உங்களால வர முடியுமாம்மா?” என்று சுப்புத்தாயிடம் கேட்டும்விட்டார்.

“எடம் போட்டுருவோம் டீச்சர்,” என்றாள் அவள். டீச்சருக்குப் புரியவில்லை.

புதன்கிழமை அவர் கோம்பையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பள்ளிக்கூடத் தெருவில் திரும்பினார். திரும்பினவர் அப்படியே நின்றுவிட்டார்.

கேட்டில் தொடங்கி, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, முனை வரைக்கும் தூக்குச்சட்டிகள். எவர்சில்வர், அலுமினியம், மூடி நசுங்கினது, கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றினது, நகப்பாலிஷில் புள்ளி வைத்தது. வைத்தவர்களில் ஒருத்திகூட இல்லை. வரிசை மட்டும் நூல் பிடித்தாற்போல் நின்றது.

கஸ்தூரியம்மாள் கேட்டருகே நின்றிருந்தார். “ஆறு மணிக்கு முன்னாடியே ஜீப்புக வந்து நின்னுச்சு டீச்சர். ஒவ்வொருத்தியா எறங்கி வச்சாக, ஏறிப் போயிட்டாக. ‘பாத்துக்கிடுங்க டீச்சர்’னு சுப்புத்தாய் மட்டும் சொன்னா.”

ஜோதிலட்சுமி டீச்சருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கிறுக்குப் பிள்ளைகள்! அதிகாரி என்ன ஜீப் டிரைவரா, தூக்கைப் பார்த்து இடம் கொடுக்க? முதல் தூக்கின் கைப்பிடியில் கயலின் பச்சை ரிப்பன் கட்டியிருந்தது. சும்மா தூக்கிப் பார்த்தார். கனத்தது.

மூடியைத் திறந்தார். சோறு. மேல் கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு. அடுத்ததைத் தூக்கினார், அதுவும் கனத்தது. அதற்கடுத்ததும். வரிசை நெடுக எல்லாம் சோற்றோடுதான் இருந்தன.

சாமி! மலைக்கு மேலே, குளிரிலும் அட்டைக்கடியிலும், சாயங்காலம் வரைக்கும் குனிந்து காய் எடுக்கிறவர்கள். மத்தியானம் ஒரு வாய்க்கு என்ன செய்வார்கள்? காலிச் சட்டியை வைத்திருக்கலாமே, இங்கே யாருக்குத் தெரியப்போகிறது? காலி செல்லாது. அவர்களுக்குத் தெரிந்த நியாயம் அது. பிள்ளைக்கு இடம் கேட்கிற அன்றைக்கு அதை மீறுவார்களா? இத்தனை வருஷத்தில், பெற்றோர்கூட்டத்துக்கு நாலு பேர் வரவில்லையே என்று டீச்சர் குறைப்பட்டிருக்கிறார். படிப்பின் அருமை தெரியாத ஜனங்கள் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறார். அந்த ஜனங்கள்தான் தங்கள் பசியை வரிசையில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்போதுதான் கருவாட்டு வாசம் பிடித்து ஒரு செவலை நாய் வந்தது. அசல் கோம்பை நாய், லேசில் பின்வாங்காது. “ஏய், போ அங்கிட்டு!” என்று டீச்சர் குடையை ஓங்கினார். அது முறைத்தது, இவரும் முறைத்தார். ஆட்சேபனை சொல்ல வந்த மனுஷி, அதிகாரி வருகிற வரைக்கும் தெருவில் நின்று நாயும் காக்காயும் விரட்டிக்கொண்டிருந்தார். நடுவில் என்ன நினைத்தாரோ, கைப்பையைத் திறந்து தன் டிபன் பாக்ஸை எடுத்தார். போய் வரிசையின் கடைசியில் வைத்தார்.

அதிகாரி வண்டியை விட்டு இறங்கி அப்படியும் இப்படியும் பார்த்தார். “பெற்றோர் எங்கே?”

கஸ்தூரியம்மாள் தடுமாறினார். ஜோதிலட்சுமி டீச்சர் முன்னால் வந்தார்.

“இந்தா நிக்கிறாக சார்.”

ஜீப் வழக்கத்தை அவரே எடுத்துச் சொன்னார். நம்பிக்கை இல்லாவிட்டால் திறந்து பார்க்கச் சொன்னார். அதிகாரி ஒன்றைத் திறந்தார், இன்னொன்றைத் திறந்தார். மூன்றாவதைத் தொடவில்லை. திறந்த மூடிகளைக் கவனமாக அழுத்தி மூடிவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் ஆட்சேபனை சொல்ல வந்தவர் அல்லவா?”

“ஆமா சார். இப்ப இல்ல.”

“கடைசியில் இருக்கிற டிபன் பாக்ஸ் யாருடையது?”

“என்னுது சார். நானும் எடம் போட்டிருக்கேன். மேட்டுக்களத்துலயும் ஆறு மணிக்குக் கதவு தெறக்க அனுமதி குடுங்க. ஆயா ஒருத்தரப் போட ஊர்ல பேசிக்கிறோம். பிள்ளைகளக் கட்டி வைக்க வேண்டாம் சார். எந்தப் பள்ளிக்கூடம் வேணுமோ அங்க போகட்டும். ஆனா எம் பள்ளிக்கூடத்துக்கும் போட்டி போட ஒரு வழி விடுங்க.”

கோம்பையில் புதுப் பிரிவுக்கு அன்றே சரி சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி. மேட்டுக்களத்துக்கு மேலிடத்தில் பேசுவதாகச் சொன்னார்.

மாலையில் மாரிசெல்வத்தின் ஜீப், டீச்சர் தூக்குகளுக்குக் காவல் இருந்த கோம்பைப் பள்ளி வாசலில் வந்து நின்றது. பெண்கள் வாடிப்போய் இறங்கினார்கள். மத்தியானம் தோட்டத்தில் கொடுத்த பாலில்லாத கட்டஞ்சாயாவோடு சரி. சுப்புத்தாய் நேரே டீச்சரிடம் வந்தாள்.

“எடம் கெடச்சிருச்சா டீச்சர்?”

“கெடச்சிருச்சுத்தா. கயலுக்கும் கெடச்சிருச்சு. மொதல்ல சாப்பிடுங்க.”

சுப்புத்தாய் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுத் தூக்கைத் திறந்தாள். வரிசைக் கடைசியில் திறக்காமல் இருந்த டிபன் பாக்ஸ் கண்ணில் பட்டது.

“இது உங்களதுல்ல? நீங்களுமா சாப்பிடல?”

டீச்சர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஆறு மணிக் கதவுக்கு அனுமதி கேட்டதைச் சொன்னார். சுப்புத்தாய் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“அய்யய்யோ டீச்சர், உங்க கதவும் ஆறு மணிக்குத் தெறந்துச்சுன்னா, கயல எங்கன சேக்கன்னு நான் மறுபடி யோசிக்கணும்ல?”

இருபது வருஷமாக எத்தனையோ பிள்ளைகள் டீச்சரிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் வந்தவர்கள்தான் அத்தனை பேரும். அவருடைய பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா என்று ஒருத்தி யோசிக்கப்போவது இதுதான் முதல் தடவை.

“நல்லா யோசி, சுப்புத்தாய்,” என்றார். “அவசரமே இல்ல.”