பெக்கோரின் மௌன ஜெபம்

ஜெருசலேமில் எங்கள் முற்றத்துக்கு எதிரே யூத ஜெப ஆலயம். என் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் ஆண்கள் ஜெபிப்பது அப்படியே தெரியும், கேட்கும். எல்லாரும் எழுந்து நின்று, உதடு மட்டும் அசைய, மௌனமாக ஜெபிக்கிற நேரம் ஒன்று உண்டு. அவரவர் தேவையைக் கடவுளிடம் கேட்டுக்கொள்வதும் அப்போதுதான். எங்கள் ஆலயத்தில் அந்த மௌனம் பெக்கோரால் கெட்டது.

பெக்கோர் தகர வேலை செய்பவர். நாற்பது வருடம் சுத்தியல் சத்தத்திலேயே இருந்து காது போய்விட்டது. முணுமுணுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவர் கேட்பது தெருமுனை வரை கேட்கும்.

"ஆண்டவா, செருப்பு பிஞ்சிருச்சு. நாப்பத்திரண்டு சைஸ். கறுப்பா இருந்தா நல்லது."

தனி மனிதர். ரோஷக்காரர். யாராவது ஒரு தட்டு சோறு நீட்டினால்கூட, "கேக்குறதுன்னா முதலாளிகிட்ட கேக்கணும், வேலைக்காரங்ககிட்ட எதுக்கு?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் முற்றத்துக்காரர்கள் நாங்கள் திருட்டுத்தனமாகக் கொடுத்தோம். மறுநாள் விடிவதற்குள் கேட்டது அவர் பட்டறை வாசலில் இருக்கும். உடனே என் ஜன்னலுக்கு வந்து நிற்பார்.

"பாத்தியா ஜோயா, நேத்துதான் கேட்டேன்."

"உங்களுக்கென்னண்ணே, செல்லப்பிள்ளை" என்று அவர் காதருகே கத்துவேன்.

ஒருமுறை, "ஆண்டவா, போன வாரம் அனுப்புன ஆலிவ் ஒரே உப்பு. அடுத்த தடவை பாத்துப் போடு" என்று கேட்டுவிட்டார். அந்த ஆலிவை ஊறப்போட்டது ஆலயப் பொறுப்பாளர் எசேக்கியாவின் மனைவி புலிசா. எட்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படிப் பதினொரு வருடம் ஓடியது. பிறகு புத்தாண்டுக்கு முந்தைய எலூல் மாதம் வந்தது. அந்த மாதம் முழுக்கக் காலை ஜெபம் முடிந்ததும் கடாக்கொம்பு ஊதுவார்கள். முதல் நாளே பெக்கோர் கேட்டார்:

"ஆண்டவா, கொம்புச் சத்தம் கேட்டு பன்னெண்டு வருஷமாச்சு. சாகுறதுக்குள்ள ஒரு தடவை கேக்கணும்."

அன்று நாங்கள் எல்லாரும் என் அடுப்படியில் கூடினோம். காதுக் கருவி வாங்கிவிடலாம், எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முடியும் என்றார் எசேக்கியா. நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"காது கேட்டா நம்ம குட்டு உடைஞ்சிரும். இத்தனை நாளும் குடுத்தது நாமன்னு தெரிஞ்சா அவரு நம்பிக்கை என்னத்துக்கு ஆகும்? இந்த முற்றத்துலயே கவலையில்லாம தூங்குறது அவர் ஒருத்தர்தான்."

"அதுக்காக மனுஷனைச் செவிடாவே வச்சிருக்கணுமா?" என்றாள் புலிசா. ஆலிவுக்காக எட்டு நாள் முகத்தைத் தூக்கியவள் அவள். நான் எழுந்து போய் என் பங்கை எடுத்து வந்து வைத்தேன்.

மறுவாரம் கருவி அவர் பட்டறை வாசலில் இருந்தது. பெக்கோர் கருவிப் பெட்டியைச் சட்டைப்பையில் வைத்து, ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி ஆலயத்துக்குள் போனார். மௌன ஜெபம் வந்தது. நான் கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டு நின்றேன்.

"ஆண்டவா, ரொம்ப..." என்று ஆரம்பித்தார். தன் குரல் தன் காதிலேயே விழ, பாதியில் நின்றுவிட்டார். மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஒருவர்கூடப் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. ஜெபம் முடிந்து கொம்பு ஊதினார்கள். பெக்கோர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வெளியே வந்தவர் என் ஜன்னலில் நின்றார்.

"எத்தனை வருஷம்?"

"பதினொன்னு" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"ஆலிவ் யாரோடது?"

"புலிசாவோடது."

பட்டறைக்குப் போய்விட்டார். அன்று பகல் முழுக்கப் பட்டறையில் சுத்தியல் சத்தமே இல்லை. அந்த மனிதரின் கடவுளை நாங்களே பறித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் ஜெபத்துக்கு வந்தார். மௌன ஜெபத்துக்கு எழுந்ததும் காதிலிருந்து ஒயரைக் கழற்றி, சுருட்டிப் பையில் வைத்தார். பிறகு பழைய குரலில் தொடங்கினார்.

"ஆண்டவா, எனக்கு இன்னைக்கு ஒண்ணும் வேண்டாம். எதிர் ஜன்னல் ஜோயாவுக்குக் கூரை ஒழுகுது. துணி துவைக்கன்னு சொல்லி நாலு பேசினை என்கிட்ட ஓட்டை அடைச்சு வாங்கிட்டுப் போனா. நாலும் படுக்கையைச் சுத்தி வைக்கத்தான். புருஷன் போனதுலேருந்து யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேங்கிறா, என்னை மாதிரியே திமிரு. மழைக்கு முன்னால பாத்துக்க. தகரம் என்கிட்ட இருக்கு. மேல ஏறத்தான் ஆள் வேணும்."

எனக்கு வந்த கோபத்தில் ஜன்னலைப் படாரென்று சாத்தினேன். சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மதியத்துக்குள் ஏணி வந்துவிட்டது. மேலே எசேக்கியாவும் இன்னும் இரண்டு பேரும்.

"யார் உங்களைக் கூப்பிட்டது?" என்று சத்தம் போட்டேன்.

"முதலாளி சொன்னாருக்கா" என்றார் எசேக்கியா, ஆணியைப் பல்லில் கடித்தபடி.

கீழே பெக்கோர் தகரத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒயர் காதில்தான் இருந்தது. பக்கத்தில் போய், "ரொம்ப நன்றிண்ணே" என்றேன், மெதுவாக.

"கேக்கலையே" என்றார். விரலால் வானத்தைக் காட்டினார். "அங்க சொல்லு. கொஞ்சம் சத்தமா சொல்லு, இவங்களுக்கும் கேக்கட்டும்."