இடது தோளுக்கு எந்த ஊசி

மகளின் தோள்வலிக்கு எந்த ஊசி நல்லது என்று இரண்டு வாரமாகக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வயதில் அவளுக்குப் பக்கவாதம். சிங்கப்பூர் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே விழுந்தாள். பிறகு சிகாமட்டில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். தொங்கிக் கிடந்த இடது கையில் விரல்கள் மெல்ல அசையத் தொடங்கியபோதுதான் தோளில் வலி வந்தது. கையைத் தொடவே விடமாட்டாள். பயிற்சி நின்றுபோனது. இந்த மாதங்களை விட்டால் கை திரும்புவது கஷ்டம் என்று பிசியோவில் சொல்லிவிட்டார்கள்.

மருத்துவர் தமிழ்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். மூன்று வகை ஊசிகள் இருப்பதாகப் பொறுமையாக விளக்கினார். மூட்டருகே வீக்கம் இருந்தால் ஸ்டீராய்டு. தோளுக்குப் போகும் நரம்பை மரக்கவைக்க ஒன்று. தசை இறுகியிருந்தால் அதைத் தளர்த்த போடாக்ஸ்.

"அம்மாவுக்கும் நெத்தியில ஒன்னு போட்டுருங்க டாக்டர். எப்பப் பாரு சுருக்கம்," என்றாள் மகள்.

மருத்துவர் சிரித்தார். "கை கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு. போடாக்ஸ் போடலாம்னு தோணுது. வலி எப்படி ஆரம்பிச்சது? விழுந்தீங்களா? யாராச்சும் கையப் புடிச்சு இழுத்தாங்களா?"

"இல்ல டாக்டர். சும்மா, தானா வந்துச்சு," என்றாள் மகள்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

வலி தொடங்கியது வெள்ளம் வந்த அன்று காலையில். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பள்ளி மண்டபத்துக்கு ஏற்றிப்போக லாரி வந்தது. நான் முதலில் ஏறிவிட்டேன். கீழே இரண்டு பேர் அவளைத் தூக்க வந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் ஏறுவதைப் பார்த்த பயத்தில் நான் காத்திருக்கவில்லை. அவளுடைய இடது கையைப் பிடித்து மேலே இழுத்தேன். "ஜாங்கான் தாரிக், காக்!" என்று லாரி ஓட்டியவர் மலாயில் கத்தினார், இழுக்காதீங்க அக்கா என்று. பிசியோ கொடுத்த தாளிலும் அதுதான் எழுதியிருந்தது. அந்தத் தாளை நான்தான் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்திருந்தேன். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"நான்தான் இழுத்தேன் டாக்டர்," என்றேன். "வெள்ளத்தப்ப. லாரியில ஏத்துறதுக்கு."

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. உடனே தோளை ஸ்கேன் செய்து பார்த்தார். "தசைநார்ல வீக்கம் இருக்கு ஆன்ட்டி. அப்படின்னா முதல்ல ஸ்டீராய்டு. போடாக்ஸ அப்புறம் பார்ப்போம். இழுத்ததால மட்டும்தான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இனிமே இழுக்கக் கூடாது லா."

ஊசி போட்டு முடித்துக் காரில் உட்கார்ந்த பிறகு மகள் கேட்டாள். "ஏம்மா சொன்ன?"

"சொல்லலேன்னா வேற ஊசியில்ல போட்டிருப்பாங்க?"

"போட்டா போட்டுட்டுப் போறாங்க. நீ ஒழுங்கா தூங்கியிருப்ப."

இத்தனை வாரமும் அந்த வலியோடு என் பழியையும் சேர்த்து அவள் தாங்கியிருக்கிறாள்.

இப்போது வலி பாதியாகிவிட்டது என்கிறாள். நிஜமாகவே பாதிதானா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. பயிற்சியில் கையை மேசைமேல் வைத்து நகர்த்துகிறாள். எழுந்திருக்கும்போது நான் பக்கத்தில் போய் நிற்கிறேன். அவளாக என் தோளைப் பிடித்துக்கொள்ளும்வரை என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.