வழியில் ஒரு மாமா வீடு

1. மகள் கஸ்டமராக வந்தது

கனடாவில், ரொறன்ரோவின் வடக்கோரம் மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதியோரமாக உள்ள ஒரு பிளாசாவில்தான் எங்கள் டிராவல் ஏஜென்சி இருக்கிறது. பதினெட்டு வருடங்களாக அங்கே டிக்கெட் போடுகிறேன். கொழும்பு, சென்னை, லண்டன், பாரிஸ். கலியாணம், செத்தவீடு, கோயில் திருவிழா. எங்கள் ஆட்களுக்கு ஹோட்டல் போடவேண்டி வருவதே அபூர்வம். இறங்கிய இடத்தில் யாராவது ஒரு சொந்தக்காரர் கார்த் திறப்போடு நிற்பார். சும்மா ஊர் சுற்றிப் பார்க்கவென்று போகிறவர்கள் அண்மைக் காலத்தில்தான் வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருத்தி என் மகள் துளசி.

ஒரு மதிய இடைவேளையில் வந்து என் மேசைக்கு முன்னால் கஸ்டமர் கதிரையில் இருந்தாள்.

"ரெண்டு பேருக்கு சவுத் ஒஸ்ட்ரேலியா. நானும் நிலானியும். வைன், வைல்ட்லைஃப், அவுட்பேக். ஜூலையில ரெண்டு கிழமை."

நிலானி அவளோடு வேலை செய்கிற பிள்ளை.

"வைனோ?" என்றேன்.

"நீங்கள் எல்லாக் கஸ்டமரிட்டையும் இப்பிடித்தான் கேக்கிறனீங்களோ?"

"கேக்கிறவ பிள்ளை," என்று உள்ளறையிலிருந்து எங்கள் முதலாளி ரவி அண்ணை சொன்னார். "அதாலதான் கடை இன்னும் இந்த சைஸில நிக்குது."

திட்டத்தை நானே போட்டேன். அடிலெய்டில் இறங்குவது, பரோசாவில் திராட்சைத் தோட்டங்கள், பிறகு வடக்கே ஃபிளிண்டர்ஸ் மலைப்பக்கம், ஆள் குறைந்த வறண்ட பூமி, அதுதான் அவுட்பேக். கடைசியில் திரும்பி வந்து ஃபெரியில் கங்காரு ஐலண்ட்: கடற்சிங்கம், கோலா எல்லாம் அங்கேதான். ஜூலை அவர்களுக்குக் குளிர்காலம், வேளைக்கே இருட்டிவிடும். பொழுது சாயும் நேரத்தில் கங்காருக்கள் ரோட்டுக்கு வரும். ஊருக்கு வெளியே, இருட்டில் மிருகத்தோடு மோதினால் சில ரென்ட்-ஏ-கார் இன்சூரன்ஸ் செல்லாது. இதையெல்லாம் வாசித்து அறிந்துதான், மலைக்குப் போகிற நாளில் நாலு மணிக்கு முன்னமே ரூமில் நிற்கவேண்டும் என்று பயண அட்டவணையான ஐட்டினரரியில் போட்டேன்.

2. சிவம் அண்ணை

துளசி போகிற கதை எப்படியோ போர்ட் ஒகஸ்டாவுக்குப் போய்விட்டது. அங்கே என் பெரியம்மாவின் மகன் சிவம் அண்ணை இருக்கிறார். பரோசாவிலிருந்து மலைக்குப் போகும் பாதையில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் அவருடைய ஊர்.

"என்ன வதனி, பிள்ளை எங்கட வாசலால போறாளாம், எங்களுக்குச் சொல்லேல்ல?" என்று போனில் கேட்டார்.

"சொல்லத்தான் இருந்தனான் அண்ணை. மத்தியானம் வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

"தேத்தண்ணியோ? நாங்கள் என்ன, ரோட்டுக்கரையில கோப்பிக்கடையோ வச்சிருக்கிறம்?"

துளசிக்கு விருப்பமில்லை. "நான் அவரைக் கண்டதே இல்லை அம்மா."

"காணாமல் வந்தால் ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவினம். ஒரு மணித்தியாலம் தானே."

ஐட்டினரரியில் அந்த ஒரு மணித்தியாலத்தைச் சேர்த்தேன். கணக்குப்படி அது சரியாகப் பொருந்தியது.

3. அஜக்ஸில் விடியவில்லை

நாங்கள் ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் இருக்கிறோம். என் கணவர் ரொறன்ரோ டவுன்டவுனுக்குப் போகும் கோ என்கிற புறநகர் ரெயினைப் பிடிக்கவேண்டும் என்பதால் ஐந்து மணிக்கு எழும்புவோம். அன்று எழும்பியதும் கைபேசியைப் பார்த்தேன். துளசியின் மெசேஜ்: மாமா வீட்டிலிருந்து இப்போதுதான் வெளிக்கிட்டோம், வயிறு வெடிக்கப் போகிறது.

அனுப்பி ஒன்றரை மணித்தியாலம் ஆகியிருந்தது. அங்கே என்ன நேரம் என்று கணக்குப் பார்த்தேன். இந்தக் கணக்கை ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிறவள் நான். அன்று மட்டும் இரண்டு தடவை செய்துபார்த்தேன். அவர்கள் வெளிக்கிட்டதே சூரியன் விழும் நேரத்தில்.

துளசியின் போன் எடுபடவில்லை, நிலானியுடையதும் இல்லை. மலையடிவாரத் தங்குமிடத்துக்கு அடித்தேன். இன்னும் வந்து சேரவில்லை என்றாள் அங்கிருந்த பெண். பிறகு சிவம் அண்ணைக்கு அடித்தேன்.

"அருமையான பிள்ளையள் வதனி," என்று தொடங்கினார். "நண்டுக்கறி, இறால், ஆட்டுப் பொரியல். உன்ர மச்சாள் விடியக்காலமை சமைக்கத் தொடங்கினவ. சாப்பிட்டு முடிய இங்க எங்கட டொக்டர் வீட்டையும் ஒருக்கா கூட்டிக்கொண்டு போனனான். போகாட்டி அவை கோவிப்பினம். அங்கயும் சாப்பாடு."

"இருட்டில விட்டிட்டீங்களே அண்ணை."

"நிண்டிட்டுப் போங்கோ எண்டு சொன்னனான். அம்மா ரூம் புக் பண்ணிப்போட்டா, போகாட்டிப் பேசுவா எண்டு பிள்ளை சொன்னவள்."

அந்த ரூமைப் போட்டது நான்தான்.

"இன்னும் போய்ச் சேரேல்லையோ?" என்றார்.

"இல்லை."

"வை போனை. நான் காரை எடுக்கிறன்."

"நீங்களும் இந்த இருட்டிலயோ?"

"இந்த ரோட்டில நான் மெல்ல ஓடுவன். எனக்குப் பழக்கம்."

என் கணவர் சப்பாத்தைப் போட்டவர், வெளியே போகவுமில்லை, கழற்றவுமில்லை. கதவடியில் நின்றார். ரெயினை விட்டுவிட்டார். நான் துளசியின் நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்தேன்.

வெளியே வெளிச்சம் வந்த பிறகுதான் சிவம் அண்ணையின் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் துளசியின் குரல்.

"அம்மா, எங்களுக்கு ஒண்டுமில்லை. ரெண்டு பேருக்கும் ஒரு கீறல் கூட இல்லை."

பிறகு அழுதாள். ஒரு கங்காரு இடது பக்கத்திலிருந்து பாய்ந்ததாம். பிரேக் போட்டும் பட்டுவிட்டது. ரேடியேட்டர் உடைந்து தண்ணீர் எல்லாம் ஓடிவிட்டது. அவர்களுடைய போன்களுக்கு அங்கே சிக்னல் இல்லை. ஹசார்ட் லைட்டைப் போட்டுவிட்டுக் காருக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். அவ்வழியால் வந்த செம்மறியாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் தன் பிக்கப்பைப் பின்னால் நிறுத்திக் காவல் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகுதான் மாமா வந்திருக்கிறார்.

"கங்காரு?"

"செத்திட்டுது அம்மா." மூக்கை உறிஞ்சினாள். "மாமி கட்டித் தந்த ரோல்ஸில அந்தப் பண்ணைக்கார மனிசன் அஞ்சு சாப்பிட்டிட்டார். உள்ளுக்கு என்ன வச்சது எண்டு மாமாவைக் கேட்டுக்கொண்டு நிக்கிறார்."

"டிக்கெட்டை மாத்தவோ? திரும்பி வாறியோ?" என்றேன்.

"ஏன்? மலையையும் இன்னும் பாக்கேல்ல, கங்காரு ஐலண்டும் இருக்கு. அம்மா, நீங்கள் பிறகு அழலாம். எனக்கு இப்ப என்ர ஏஜென்ட் வேணும்."

முகத்தைக் கழுவிக்கொண்டு லேப்டொப்பைத் திறந்தேன். மலையடித் தங்குமிடத்துப் பெண் அறையைப் பிந்திய திகதிக்கு மாற்றித் தந்தாள். வேறு கார் போட்டேன். ஃபெரியைத் தள்ளினேன். சிவம் அண்ணை பின்னால் நின்று, "ரெண்டு நாள் எங்களோட நிக்கட்டும்," என்று சொல்வது கேட்டது. இரண்டு நாள் என்றே போட்டேன். மலைக்கு இம்முறை காலைச் சாப்பாட்டோடு வெளிக்கிட்டு, வெயில் ஏறிய பிறகு போய்ச் சேர்ந்தார்கள். செம்மண் மலையைப் படம் எடுத்து அனுப்பினாள். தீவில் கடற்சிங்கங்கள் மணலில் படுத்திருந்தன. இன்சூரன்ஸ் எதிர்பார்த்தபடியே கையை விரித்தது. பிள்ளை முழுதாகத் திரும்பி வந்தாள், அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

4. புதிதாக வருகிறவர்களுக்கு

இப்போதும் விடியற்காலையில் கைபேசி மின்னினால், மெசேஜ் வந்த ஊரில் என்ன நேரம் என்றுதான் முதலில் கணக்குப் பார்க்கிறேன். அது போகும் என்கிறார்கள். பார்க்கலாம்.

ஆனால் வேலையில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறேன். எங்கள் ஆட்களுக்கு ரோட் ட்ரிப் போடும்போது தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். வழியில் யார் சமைக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். சொந்தக்காரர் வீட்டில் ஒரு மணித்தியாலம் என்று ஒரு நேரம் கிடையாது. போகவேண்டாம் என்றும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அன்று இரவில் காரை எடுத்துக்கொண்டு போனவரும் அந்தச் சொந்தக்காரர்தான். அந்த வீட்டை நாளின் நடுவில் வைக்காதீர்கள். நாளின் முடிவில் வையுங்கள்.

போன கிழமை பிக்கரிங்கிலிருந்து ஓர் அங்கிளும் அன்ரியும் வந்தார்கள். அதே பாதை. அடிலெய்டுக்கு வடக்கே அவருடைய மச்சான் இருக்கிறார்.

"மத்தியானம் மச்சான் வீட்டில சாப்பிட்டிட்டு அப்பிடியே வெளிக்கிடுவம்," என்றார்.

"இல்லை அங்கிள். அங்க இரவுச் சாப்பாடு. படுக்கையும் அங்கதான்."

"இரவு போனால் பிறகு விடியுமட்டும் எங்களை வெளிக்கிட விடமாட்டினம் பிள்ளை."

"அதுக்காகத்தான் அங்கிள்," என்று புக்கிங்கை உறுதி செய்தேன்.