இரண்டாவது முறுக்கு

செருப்பைக் கழற்றியதும் நேராக உள்ளறைக்குப் போய், தொட்டிலுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் உள்ளங்கையை வைக்கிறார் வயர்மேன். பிறகு புறங்கையை. பிறகு மூக்கை.

"என்னப்பா, பேத்திய விட்டுட்டு செவுத்தக் கொஞ்சுறீங்க?" என்கிறாள் மகள்.

"பெயின்ட் காஞ்சுதான்னு பாத்தேம்மா."

பெயின்ட் காய்ந்து மாதக்கணக்காகிறது.

நான் அவர் மகள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். வயர்மேனின் விரல்கள் சும்மா இருந்து பார்த்ததில்லை. டீப்பொட்டல நூல், பையின் காதுகள், செய்தித்தாளின் ஓரம், எதையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடும். அவர் முறுக்கிப் பிழிந்த துண்டுக்கு வெயில் தேவையில்லை என்பாள் அவர் மனைவி. பேச்சும் அப்படித்தான். கோபித்துக்கொண்ட சம்பந்தி 'முறுக்கிக்கிட்டாரு.' மழை வந்தால் முட்டியை 'முறுக்கிப் போடுது.' இப்போதெல்லாம் காலையிலேயே, "வயித்த முறுக்குது."

வேலையில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் எல்லா இணைப்புகளையும் விரலால் முறுக்கிக்கொண்டே போவார். பிறகு ஆரம்பித்த இடத்திலிருந்து கட்டிங் பிளேயரோடு வந்து ஒவ்வொன்றாக இறுக்கி டேப் சுற்றுவார். "கையால முறுக்குறது நிச்சயதார்த்தம். பிளேயர் போட்டாத்தான் கல்யாணம்." அந்தப் பிளேயரை யாரும் தொடக்கூடாது. பாட்டில் மூடி திறக்க எடுத்த மனைவியிடம் அன்று முழுக்க அவர் பேசவில்லை.

குழந்தைக்காகக் கட்டிய இந்த அறையில் வேலை பாதியில் இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மகளுக்கு வலி. போட்டது போட்டபடி ஓடினார். பேத்தியைப் பார்த்த பூரிப்போடு மறுநாள் திரும்பி வந்து டேப் சுற்றி முடித்தார். கொத்தனார் அதன்மேல் சுவரைப் பூசிவிட்டார். ஏசிக்குப் போகும் இணைப்பில் டேப் சுற்றியது நினைவிருக்கிறது. பிளேயர் போட்டது நினைவில் இல்லை.

இறுகாத இணைப்பில் ஏசி ஓடினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம். அதனால் வந்தவுடன் ஏசியை அணைப்பார்.

"மாமா, புழுக்கத்துல புள்ள அழுவுது."

"சளி புடிக்கும் மாப்பிள்ளை."

"நேத்தும் இதான் சொன்னீங்க. இது உங்க வீடா, எங்க வீடா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை சத்தம் கேட்டு நான் இறங்கி வந்தபோது மருமகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். மகள்தான் கேட்டாள்: "அப்பா, உள்ளதச் சொல்லுங்க. அந்தச் செவுத்துக்குள்ள என்ன இருக்கு?"

சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மருமகன் தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து அவளிடம் கொடுத்தார். தொட்டிலை இழுத்துப் போட்டார். மெயினை அணைத்துவிட்டுச் சுத்தியலோடு வந்தார். பூச்சு பெயர்ந்து, உள்ளே புதைந்திருந்த இணைப்புப் பெட்டியின் மூடி தெரிந்தது. நான் டார்ச் பிடித்தேன்.

டேப் பழுப்பேறி மொரமொரத்திருந்தது. வயர்மேன் அதை உரித்துவிட்டு, கம்பியை இரண்டு விரலால் லேசாக இழுத்தார். முறுக்கிய கம்பிகளில் ஒன்று தனியாகக் கையோடு வந்துவிட்டது.

குழந்தை கொட்டாவி விட்டது. அவர் பிளேயரை எடுத்துக் கம்பி அருகே கொண்டுபோனார். பிளேயரின் வாய் கம்பியைப் பிடிக்காமல் இரண்டுமுறை விலகிப் போனது. கையைக் கீழே இறக்கினார். பிளேயரின் கைப்பிடியை மருமகன் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

"நீங்க முறுக்குங்க, மாப்பிள்ளை."